போலீஸ் காரை நிறுத்தினால்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கா வந்து நான் கார் ஓட்டத் தொடங்கிய நாலாவது மாதம். இரவு எட்டு மணி இருக்கும். பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. ஓரம் கட்டினேன். ஊர்ப் பழக்கத்தில் கதவைத் திறந்து இறங்கி, லைசென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு போலீஸ் காரை நோக்கி நடந்தேன். நம் ஊரில் அதுதான் மரியாதை. உட்கார்ந்த இடத்தில் இருந்தே பேசினால் திமிர் என்பார்கள். இரண்டடி கூட வைத்திருக்கமாட்டேன், ஒலிபெருக்கியில் அதட்டல் வந்தது: காருக்குள் திரும்பிப் போ. அந்த அதிகாரியின் வலது கை துப்பாக்கி உறையின் மேல் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அதே இரவில் இன்னொரு தவறும் செய்தேன். நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை என்று சொன்னவர், எச்சரித்துவிட்டு, போகிறபோக்கில் கேட்பதுபோல் கேட்டார்: “டூ யூ மைண்ட் இஃப் ஐ டேக் எ குயிக் லுக்?” நான் சிரித்துக்கொண்டே “நோ ப்ராப்ளம்” என்றேன். அடுத்த நாற்பது நிமிடம் டிக்கியில் இருந்த அரிசி மூட்டை, குழந்தையின் டயப்பர் பை, மனைவியின் கைப்பை எல்லாம் புல்லின் மேல் வரிசையாக வைக்கப்பட்டன. எதுவும் கிடைக்கவில்லை. அவர் சட்டத்தை மீறவும் இல்லை. அந்த அனுமதியை நானே என் வாயால் கொடுத்திருந்தேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மரியாதை வேறு, சம்மதம் வேறு. முதலாவதைத் தாராளமாகக் கொடுங்கள். இரண்டாவதைக் கொடுக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கிளம்பும் முன்பே செய்யவேண்டியது

லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் அட்டை மூன்றையும் ஒரே உறையில் போட்டு, சன் வைசரில் செருகி வையுங்கள். க்ளவ் பாக்ஸில் நாப்கினுக்கும் பழைய பில்லுக்கும் நடுவே தேடுகிற அந்த அரை நிமிடம்தான் அதிகாரிக்கு மிகவும் பதற்றமான நேரம். உங்கள் கை எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது.

விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாக நினைவில் வைக்கவேண்டும். 18 வயது நிரம்பிய, குடியுரிமை இல்லாத எவரும் தன் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும் என்பது மத்திய அரசின் சட்டம். கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை, ஐ-94 என்ற வருகைப் பதிவு போன்றவை அந்தப் பட்டியலில் வரும்.

அப்புறம், மாதம் ஒருமுறை காரைச் சுற்றி வந்து எல்லா விளக்குகளும் எரிகின்றனவா என்று பாருங்கள். இது சின்ன விஷயம் இல்லை. உண்மையில் அதிகாரிக்கு வேறு ஏதோ சந்தேகம் இருந்தாலும், போக்குவரத்து விதி ஒன்றை நீங்கள் மீறியிருந்தால் போதும், நிறுத்தியது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் ரென் வழக்கில் சொல்லிவிட்டது. 2014-ல் வந்த ஹைன் வழக்கில் அதற்கும் ஒரு படி மேலே போனது. ஒரு பிரேக் லைட் எரியவில்லை என்று நார்த் கரோலினாவில் ஒரு காரை நிறுத்தினார்கள். அந்த மாநிலச் சட்டப்படி ஒரு விளக்கு எரிந்தாலே போதும் என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் அதிகாரியின் தவறு நியாயமான தவறுதான், நிறுத்தியது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஒரு பல்பை மாற்றாமல் விடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள்.

விளக்கு சுழன்றதும்

வலது சிக்னல் போடுங்கள். வேகத்தைக் குறையுங்கள். பாதுகாப்பான இடம் பார்த்து வலது ஓரத்தில் நிறுத்துங்கள். சட்டென்று பிரேக் அடிக்க வேண்டாம். இருட்டான சாலை, ஓரத்தில் இடம் இல்லை, அல்லது பின்னால் வருவது போலீஸ் முத்திரை இல்லாத கார் என்றால் ஹசார்டு விளக்கைப் போட்டு, மெதுவாக வெளிச்சமான இடம் வரை போகலாம். சந்தேகமாக இருந்தால் 911-ஐ அழைத்து, உங்களை நிறுத்துவது உண்மையான போலீஸ்தானா என்று கேளுங்கள்.

நின்றதும் எஞ்சினை அணையுங்கள். இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள். கண்ணாடியை இறக்குங்கள். இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல், விரல் தெரியும்படி வையுங்கள். சீட் பெல்ட்டைக் கழற்றவேண்டாம். போடவே இல்லை என்று அவர் எழுதக்கூடும். எக்காரணம் கொண்டும், சொல்லாமல் இறங்காதீர்கள்.

பின்சீட்டில் ஊரில் இருந்து வந்த அப்பா அம்மா இருந்தால் அவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்பா உதவி செய்வதாக நினைத்துக் கீழே குனிந்து பையைத் துழாவக்கூடாது.

ஜன்னலருகே

முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: ஏன் நிறுத்தினேன் தெரியுமா? நம்மவர்கள் உடனே “சாரி ஆபீசர், கொஞ்சம் வேகமாக வந்துவிட்டேன்” என்பார்கள். அது ஒப்புதல் வாக்குமூலம். நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக அப்படியே வரும். “தெரியவில்லை, ஆபீசர்” என்றால் போதும். கலிஃபோர்னியாவில் 2024 முதல் இந்தக் கேள்வியே மாறியிருக்கிறது: மற்ற கேள்விகளைத் தொடங்கும் முன்பு, நிறுத்திய காரணத்தை அதிகாரிதான் சொல்லவேண்டும்.

சினிமாவில் வருகிற “யூ ஹேவ் தி ரைட் டு ரிமெய்ன் சைலன்ட்” என்ற எச்சரிக்கையைச் சொல்லவில்லையே, அதனால் நான் பேசியது எதுவும் செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. சாலையோரத்தில் சாதாரணமாக நிறுத்துவது கைது ஆகாது, அங்கே அந்த எச்சரிக்கை தேவையில்லை என்று 1984-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. பேசினால் பேசியதுதான்.

லைசென்ஸும் காரின் ஆவணங்களும் கேட்டால் கட்டாயம் காட்டவேண்டும். எடுக்கும் முன்பு சொல்லுங்கள்: “வைசரில் இருக்கிறது, எடுக்கட்டுமா?” எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், யார் வீட்டுக்கு, எத்தனை நாளைக்கு என்ற கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை. “ஐ பிரெஃபர் நாட் டு ஆன்ஸர்” என்று மெதுவாகச் சொல்லலாம். பிறந்த நாடு, குடியுரிமை பற்றிய கேள்விகளுக்கும் இது பொருந்தும். ஆனால் குடிநுழைவு அதிகாரி ஒருவர் கேட்டால், மேலே சொன்ன பதிவு ஆவணத்தைக் காட்டுங்கள். எங்கேயும், யாரிடமும் பொய் மட்டும் சொல்லாதீர்கள். பேசாமல் இருப்பது உரிமை. பொய் தனிக் குற்றமாகலாம்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸுக்குள் ஒரு நோட்டை மடித்து நீட்டுவதோ, இங்கேயே கட்டிவிடலாமா என்று கேட்பதோ வேண்டவே வேண்டாம். அபராதத்தோடு போயிருக்கவேண்டியது லஞ்ச வழக்காகி, விசாவையே காவு வாங்கும்.

அந்த ஒரு கேள்வி

அமெரிக்க அரசமைப்பின் 4-ஆவது திருத்தம் 1791 முதல் நடைமுறையில் இருக்கிறது. நியாயமற்ற சோதனைகளில் இருந்து மக்களுக்குப் பாதுகாப்பு என்பது அதன் சாரம். குடியுரிமை உள்ளவருக்கு மட்டுமல்ல, இங்கே வாழும் உங்களுக்கும் எனக்கும் அது உண்டு. ஆனால் அந்தப் பூட்டின் சாவி ஒன்று உங்கள் நாக்கில் இருக்கிறது. நீங்களாகச் சம்மதித்துவிட்டால் வாரண்ட் வேண்டாம், காரணம் வேண்டாம், எதுவும் வேண்டாம்.

1973-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஷ்னெக்லாத் வழக்கு கலிஃபோர்னியாவில் இப்படித்தான் தொடங்கியது. ஒரு ஹெட்லைட்டும் நம்பர் பிளேட் விளக்கும் எரியாத கார். உள்ளே ஆறு பேர். காரைச் சோதிக்கலாமா என்று அதிகாரி கேட்டார். காரின் சொந்தக்காரருடைய சகோதரர், அவர் ஓட்டுநர்கூட இல்லை, “ஷுயர், கோ அஹெட்” என்றார். பின்சீட்டுக்கு அடியில் திருட்டுக் காசோலைகள் கிடைத்தன. மறுக்கும் உரிமை உண்டு என்று போலீஸ் சொல்லவேண்டாமா என்பதுதான் கேள்வி. சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்றது நீதிமன்றம். ஆகவே, இந்த உரிமையை அங்கே யாரும் உங்களுக்கு நினைவூட்டமாட்டார்கள்.

நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. “டூ யூ மைண்ட்” என்பது எதிர்மறையில் அமைந்த கேள்வி. அதற்கு “நோ” என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். “யெஸ்” என்றாலும் சரி என்றே எடுத்துக்கொள்ள இடம் உண்டு. தலையை இரண்டு பக்கமும் ஆட்டுகிற நம் பழக்கம் வேறு. அதை அவர் எப்படிப் படிப்பார் என்று யாருக்குத் தெரியும்? “ஓகே ஓகே”, “நோ ப்ராப்ளம்” எல்லாம் நமக்குப் ‘பரவாயில்லை’ என்ற பணிவுச் சொற்கள். அங்கே அவை அனுமதிச் சீட்டுகள்.

அதனால் யெஸ், நோ இரண்டையும் விட்டுவிட்டு முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: “ஆபீசர், ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்சஸ்.” குரலை உயர்த்தவேண்டாம். சிரிக்கவும் வேண்டாம். தலையை ஆட்டவே வேண்டாம். இதை வீட்டில் கண்ணாடி முன் நின்று பத்து முறை சொல்லிப் பழகுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் இருட்டுச் சாலையில் டார்ச் வெளிச்சம் முகத்தில் அடிக்கும்போது, வாய்க்குப் பழகிய வாக்கியம்தான் வரும்.

மறைக்க ஏதும் இல்லையென்றால் ஏன் மறுக்கிறாய் என்று கேட்கக்கூடும். அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள். மறுத்தது ஒன்றே சோதனைக்குக் காரணம் ஆகாது. நீங்கள் மறுத்தும் அவர் கதவைத் திறந்து தேட ஆரம்பித்தால் குறுக்கே நிற்காதீர்கள், கையைப் பிடிக்காதீர்கள். சம்மதமில்லை என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். சட்டவிரோதமாக எடுத்த சாட்சியத்தை மாநில நீதிமன்றங்களிலும் பயன்படுத்த முடியாது என்று 1961-ல் மாப் வழக்கு நிலைநாட்டியிருக்கிறது. சண்டை போடவேண்டிய இடம் நீதிமன்றம். சாலையோரம் இல்லை.

ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டால்? பாதியில் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அளவைச் சுருக்கவும் செய்யலாம். நான் அன்று அதைச் சொல்லத் தெரியாமல் நாற்பது நிமிடம் நின்றேன்.

ப்ராபபிள் காஸ் என்றால் என்ன

நீங்கள் சம்மதிக்காவிட்டாலும் காரைச் சோதிக்க அதிகாரிக்கு வழி இருக்கிறது. அதற்குப் பெயர் ப்ராபபிள் காஸ். இந்தக் காருக்குள் குற்றத்தின் தடயம் இருக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்று, கண்ணால் கண்ட, மூக்கால் நுகர்ந்த, காதால் கேட்ட விவரங்களை வைத்துச் சொல்லக்கூடிய காரணம். மனசுக்குப் பட்டது என்பது போதாது. முகம், நிறம், உச்சரிப்பு, பதற்றம் ஆகியவை மட்டும் போதாது.

வீட்டைச் சோதிக்க வாரண்ட் வேண்டும், காருக்கு ஏன் வேண்டாம்? கதை மதுவிலக்குக் காலத்தில் தொடங்குகிறது. மிச்சிகனில் கிராண்ட் ராப்பிட்ஸுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையிலான சாலையில் கள்ளச்சாராயம் கடத்துவதாகத் தெரிந்த இருவரின் காரை அதிகாரிகள் மறித்தார்கள். இருக்கையின் மெத்தையைக் கிழித்தபோது உள்ளே 68 பாட்டில்கள். வாரண்ட் வாங்கிவருவதற்குள் கார் ஊரைவிட்டே போயிருக்கும், ஆகவே போதிய காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே காரைச் சோதிக்கலாம் என்று 1925-ல் கேரல் வழக்கில் முடிவானது. இன்றும் அதுதான் அடிப்படை. அந்தக் காரணம் இருந்தால், தேடும் பொருள் எங்கே இருக்கக்கூடுமோ அங்கெல்லாம், பூட்டிய டிக்கியையும் பையையும் சேர்த்து, அவர் தேடலாம். பயணியின் கைப்பையும் தப்பாது. 1999-ல் அதற்கும் தீர்ப்பு வந்துவிட்டது.

இதற்குக் கீழே இன்னொரு படி உண்டு: ரீசனபிள் சஸ்பிஷன், நியாயமான சந்தேகம். ஒருவரைச் சிறிது நேரம் நிறுத்தி விசாரிக்க இது போதும். ஆயுதம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் உடுப்பின் மேல் தட்டிப்பார்க்கலாம். டிக்கியைத் திறக்க இது போதாது.

சோதனைக்குக் காரணம் பெரும்பாலும் ஜன்னல் வழியே தெரிவதுதான். வெளியே நின்று டார்ச் அடித்துப் பார்ப்பது சோதனையாகாது. ஆகவே சீட்டின் மேலும் டாஷ்போர்டிலும் என்ன கிடக்கிறது என்பதைக் கவனியுங்கள். கோயிலில் கொடுத்த விபூதியைச் சின்ன ஜிப் பையில் போட்டு கியர் பக்கத்தில் வைப்பவர்கள் நம்மில் உண்டு. அது என்னவென்றே அறியாத ஒருவர் இரவு பத்து மணிக்குப் பார்த்தால் வெள்ளைப் பொடிதான் தெரியும். மூடியுள்ள டப்பாவில், வீட்டில் வையுங்கள். பெருந்தொகை ரொக்கமும் அப்படியே: போதைப்பொருள் பணம் என்று சந்தேகித்தால், உங்கள் மேல் வழக்கே போடாமல் பணத்தைப் பறிமுதல் செய்யும் சட்டங்கள் இங்கே இருக்கின்றன. திரும்பப் பெற நீங்கள்தான் அலையவேண்டும்.

மேலே சொன்னது எல்லாம் நாடு முழுவதற்குமான குறைந்தபட்சம். சில மாநிலங்கள் இதைவிடக் கூடுதல் பாதுகாப்பு தருகின்றன. நம்மவர்கள் நிறைய வாழும் நியூ ஜெர்சியில், நியாயமான சந்தேகம் இல்லாமல் சம்மதம் கேட்கவே கூடாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2002-ல் சொன்னது. பென்சில்வேனியாவில் 2020 முதல், அவசரச் சூழல் இல்லையென்றால் காருக்கும் வாரண்ட் வேண்டும். வர்ஜீனியாவில் 2021 முதல் கஞ்சா வாசனை மட்டும் சோதனைக்குக் காரணமாகாது. உங்கள் மாநில விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இறங்கச் சொன்னால், நாய் வந்தால், போனைக் கேட்டால்

இறங்கச் சொன்னால் இறங்கவேண்டும். ஓட்டுநரை இறங்கச் சொல்லும் அதிகாரம் 1977 முதலும், பயணிகளை இறங்கச் சொல்லும் அதிகாரம் 1997 முதலும் உறுதியானது. ஏன் என்று வாதாடி உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம் சிக்கலில் மாட்டுகிறார்கள். இறங்கியதும் கதவைச் சாத்திவிடுங்கள். திறந்த கதவு அழைப்பு மாதிரி ஆகிவிடும்.

மோப்ப நாயை காரைச் சுற்றி நடத்துவதற்கு உங்கள் அனுமதி தேவையில்லை. ஆனால் நாய்க்காகக் காத்திருக்கவைக்க முடியாது. நெப்ராஸ்காவில் ரோட்ரிகஸ் என்பவருக்கு எச்சரிக்கைச் சீட்டை எழுதிக் கொடுத்து முடித்த பிறகு, இன்னோர் அதிகாரி வரும்வரை நிறுத்திவைத்து, ஏழெட்டு நிமிடம் கழித்து நாயை நடத்தினார்கள். டிக்கெட் எனப்படும் அந்தச் சீட்டை எழுதும் வேலை முடிந்ததும் நிறுத்தலும் முடிந்தது, தனிச் சந்தேகம் இல்லாமல் ஒரு நிமிடம்கூட நீட்டக்கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் டிக்கெட் கைக்கு வந்ததும் கேளுங்கள்: “ஆம் ஐ ஃப்ரீ டு கோ?” ஆமாம் என்றால் உடனே கிளம்புங்கள். போகலாம் என்று அவராகச் சொல்லவேண்டியதில்லை என்பதால் இந்தக் கேள்வியை நீங்கள்தான் கேட்கவேண்டும். எல்லாம் முடிந்தபின் “ஒரு நிமிஷம், இன்னும் ஒரே ஒரு கேள்வி” என்று வருவதுதான் பெரும்பாலும் சோதனைக்கான சம்மதக் கேள்வி.

கைப்பேசியைப் பார்க்க, கைது செய்திருந்தால்கூட, வாரண்ட் வேண்டும். இது 2014-ல் ரைலி வழக்கு. இன்ஷூரன்ஸைப் போனில் காட்டினால் திரையைக் காட்டுங்கள், பூட்டு திறந்த போனைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

குடித்துவிட்டு ஓட்டாதீர்கள். கைதான பிறகு மூச்சுச் சோதனையை மறுத்தால் லைசென்ஸ் பறிபோகும். விசாவில் இருப்பவருக்கு, நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் முன்பே, கைதை வைத்தே விசா ரத்தாகலாம்.

கைது என்று ஆனால்

“ஐ வாண்ட் எ லாயர். ஐ வில் ரிமெய்ன் சைலன்ட்.” இந்த இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். வெறுமனே பேசாமல் இருந்தால் உரிமையைக் கோரியதாக ஆகாது. சொன்ன பிறகு வானிலையைப் பற்றிக்கூடப் பேசாதீர்கள். உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேளுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன்பு, குடிநுழைவுச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சிறிய குற்றம் என்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவர்கள், கிரீன் கார்டு நேர்காணலில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

டிக்கெட்டோடு வீடு திரும்பினால்

டிக்கெட்டில் கையெழுத்துக் கேட்டால் போடுங்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. பதில் தருவேன் அல்லது நீதிமன்றம் வருவேன் என்ற உறுதிதான். வீட்டுக்கு வந்ததும், சாப்பிடுவதற்கு முன்பே, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்: நேரம், இடம், அதிகாரியின் பெயர், பேட்ஜ் எண், என்ன கேட்டார், நீங்கள் எந்தச் சொல்லில் பதில் சொன்னீர்கள். இரண்டு நாள் போனால் நினைவு குழம்பிவிடும்.

டிக்கெட்டில் உள்ள கடைசித் தேதியைத் தவறவிட்டால் பல இடங்களில் லைசென்ஸ் முடக்கமும் கைது வாரண்டும் வரும். நம்மவர்கள் இதில் சிக்குவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அடிக்கடி வீடு மாறுவது. நீதிமன்றக் கடிதம் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வருடம் கழித்து வேறு எதற்கோ காரை நிறுத்தும்போது வாரண்ட் திரையில் தெரியும். வீடு மாறினால் மோட்டார் வாகனத் துறையில் முகவரியை மாற்றுங்கள், குடியுரிமை இல்லாதவர்கள் 10 நாளுக்குள் குடிநுழைவுத் துறைக்கும் தெரிவிக்கவேண்டும். டிக்கெட் நிலுவையில் இருந்தால் அந்த நீதிமன்றத்துக்கும் புது முகவரியை எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை அந்த வைசர் உறையிலேயே வையுங்கள்.